வயிற்றுக்குள் ஒரு வளையம்: 18 மாதம் வைத்திருந்த பிறகு என் விமர்சனம்

தமிழில் பேண்ட் என்றாலே கால்சட்டைதான் ஞாபகத்துக்கு வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எடையைக் குறைக்க இரைப்பையைச் சுற்றிப் போடுகிற கேஸ்ட்ரிக் பேண்ட். "பேண்ட் ரொம்ப டைட்டா இருக்கு, கொஞ்சம் லூஸ் பண்ணணும்" என்று நான் போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்டதைப் பக்கத்து சீட்காரர் கேட்டுவிட்டு, இளைத்துக்கொண்டே வருகிறவளுக்கு எப்படி பேண்ட் டைட் ஆகும் என்று அரை நாள் குழம்பியிருக்கிறார். இனிமேல் வளையம் என்றே எழுதுகிறேன்.

சிலிக்கோனில் செய்த ஒரு வளையம். இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே மாட்டுகிறார்கள். அதற்கு மேலே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பை மிஞ்சும், அவ்வளவுதான். வளையத்தின் உள்பக்கம் பலூன் மாதிரி ஊதக்கூடியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் பொத்தான் மாதிரியான போர்ட்டில் சேர்கிறது. போர்ட்டில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலை மாற்றி இணைப்பதில்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்தக் கடைசி வார்த்தைதான். வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்ற பயம்.

விமர்சனம் எழுத உட்கார்ந்தால் எதற்கு ஸ்டார் கொடுப்பது என்பதே குழப்பமாக இருக்கிறது. வளையத்துக்கா, ஆபரேஷனுக்கா, டிஸ்சார்ஜ் அன்று கையில் திணித்த டயட் தாளுக்கா, அதன்பிறகு ஊசியும் கையுமாக என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கா? வளையத்துக்கு 5-க்கு 3. நர்ஸுக்கு 5-க்கு 5. தாளுக்கு ஒன்று, அதுவும் தெளிவாக அச்சடித்திருந்தார்கள் என்பதற்காக.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் ஒரு டயட் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏறக்குறைய இல்லை, புரோட்டீன் பானம், தயிர், கொஞ்சம் காய்கறி, அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன்பே கொஞ்சம் எடை குறைத்துக் காட்டச் சொல்லும் பரீட்சை என்று நினைத்து எரிச்சல்பட்டேன். உண்மையில் அது கல்லீரலுக்காக. கல்லீரலின் இடப்பக்க மடல் இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. குண்டாக இருப்பவர்களுக்கு அதில் கொழுப்பு சேர்ந்து வீங்கியிருக்கும், சர்ஜன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அடியில் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரம் மாவுச்சத்தை நிறுத்தினால் கல்லீரலில் சேமித்திருந்த சர்க்கரையும் அதோடு ஒட்டிய நீரும் வெளியேறி அது சுருங்குகிறது. இதை முன்பே சொல்லியிருந்தால் நான் நான்காம் நாள் ராத்திரி திருட்டுத்தனமாக பிஸ்கட் டப்பாவைத் திறந்திருக்க மாட்டேன். சரி, ஒருவேளை திறந்திருப்பேன், ஆனால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து சின்னத் துளைகள், மறுநாள் வீடு. வயிறு வலிக்கும் என்று தயாராகப் போனேன், வலித்ததோ இடது தோள்பட்டை. படுக்கையில் தப்பாகப் படுத்துவிட்டேன் என்று அக்கா தைலம் தேய்த்தாள், ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்படித் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு வாயு நிரப்புவார்கள், அதில் கொஞ்சம் உள்ளே தங்கி உதரவிதானத்தை உறுத்தும், அதன் நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளைக்குத் தோளில் வலிப்பதாகத் தோன்றும். வாயுவை உடம்பு தானாக உறிஞ்சிக்கொள்ளும்வரை பொறுக்க வேண்டியதுதான். எனக்கு வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்தது உதவியது, மூன்றாம் நாள் மறைந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம், சாப்பாடு.

முதல் இரண்டு நாள் தெளிந்த திரவம் மட்டும். மருந்து அளக்கும் குட்டிக் கப்பில் 30 மில்லி ஊற்றி, அதையும் ஒரே மடக்கில் குடிக்காமல் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தேன். ஸ்ட்ரா கூடாது, காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா வகையறா எதுவும் கூடாது. பிறகு இரண்டாம் வாரக் கடைசி வரை வடிகட்டிய சூப், பால், புரோட்டீன் பானம். அதன்பின் இரண்டு வாரம் மிக்ஸியில் அரைத்தது, அதன்பின் இரண்டு வாரம் முள்கரண்டியால் மசியக்கூடியது, ஆறு வாரம் கழித்துத்தான் மனிதர்கள் சாப்பிடும் சாப்பாடு. தாளில் இந்த அட்டவணை அழகாக இருந்தது. ஏன் என்பது மட்டும் இல்லை. ஏதோ வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்குச் சொல்லும் பத்தியம் போல, வயிறு தாங்குகிறதா என்று பார்க்கத்தான் என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கு வயிறு நன்றாகவே தாங்கியது. அதனால் ஒன்பதாம் நாள் நல்லாத்தானே இருக்கேன் என்று அரை முட்டையை வேகவைத்துச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அதில் ஆபத்து.

அடுத்த செக்கப்பில் நர்ஸ்தான் விளக்கினார். வளையம் நழுவாமல் இருக்க இரைப்பையின் ஒரு மடிப்பை அதன்மேல் இழுத்துப் போர்த்தித் தையல் போட்டிருக்கிறார்கள். அந்தத் தையல் பிடித்து, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து வளையம் தன் இடத்தில் உட்கார ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் கெட்டியானதைச் சாப்பிட்டு அது சிக்கி, நாம் வாந்தி எடுத்தால், கீழே உள்ள இரைப்பை வளையத்தின் வழியாக மேலே உந்தப்பட்டு எல்லாம் இடம் மாறலாம். அதாவது திரவ உணவு ஜீரணத்துக்காக அல்ல, தையலுக்காக. "உங்களுக்குப் பசிக்கிறதா, ஒத்துக்கொள்கிறதா என்பது பற்றியெல்லாம் அந்தத் தையலுக்குக் கவலை இல்லைம்மா" என்றார். இந்த ஒரு வரியைத் தாளின் தலையில் போட்டிருக்கலாம்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது வாரம் ஆரம்பித்தது, என் வாழ்க்கையில் அப்படி ஒரு பசி பசித்ததில்லை. வீக்கம் வடிந்துவிட்டது, வளையத்துக்குள் இன்னும் உப்பு நீர் ஏற்றவில்லை, அதனால் அது சும்மா ஒரு நகை மாதிரி உள்ளே தொங்கிக்கொண்டிருக்கிறது, தடுப்பு என்று ஒன்றுமே இல்லை. அரைத்த உணவு ஒரு கிண்ணம் உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் காணாமல் போனது. "ஏன்டி, இதைப் போட்டா பசிக்காதுன்னு சொன்னாங்களே?" என்று அக்கா கேட்டபோது அழுதுவிட்டேன். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலம் பேசுகிற வளையக்காரர்கள் இந்த வாரங்களுக்கு 'பேண்ட்ஸ்டர் ஹெல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அதாவது எல்லோரும் இந்த நரகத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். அந்த நாட்களில் எடை குறையாவிட்டாலும் பரவாயில்லை, ஆறுவது மட்டுமே வேலை. எனக்கு ஒரு கிலோ கூடவே செய்தது.

அரைத்த உணவுக் கட்டத்தில் ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துப் பழுப்பு நிறக் கூழாக்காதீர்கள், மீனைத் தனியாக, கேரட்டைத் தனியாக அரைத்துத் தட்டில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மனதுக்காவது சாப்பிட்ட மாதிரி இருக்கும். புரோட்டீனை முதலில் சாப்பிட வேண்டும், ஒரு நாளைக்கு 60 கிராமாவது தேவை என்றார்கள், எனக்கு அது பெரும்பாலும் பால், முட்டை, மீன், புரோட்டீன் பொடி எல்லாம் சேர்ந்துதான் எட்டியது.

அடுத்து மென்மையான உணவு. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் விடமாட்டேன். தாளில் மென்மையான உணவு என்று போட்டிருந்ததைப் பார்த்து நான் முதலில் எடுத்தது புதிதாகச் சுட்ட, பஞ்சு மாதிரி இருந்த பிரட். அதைவிட மென்மையாக என்ன இருக்கிறது? வாயில் மென்மைதான், உள்ளே போனதும் உமிழ்நீரில் ஊறிப் பசைமாவு உருண்டையாகி அப்படியே நிற்கிறது. குழைந்த சோறும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாறாக நன்றாக டோஸ்ட் செய்து மொறுமொறுப்பான பிரட் தூளாகிச் சமர்த்தாக இறங்குகிறது. நார் நாராக இருக்கும் இறைச்சி, ஆரஞ்சுச் சுளையின் தோல், காய்ந்துபோன கோழி நெஞ்சுக்கறி, இவையெல்லாம் எனக்கு இன்றும் எதிரிகள். மென்மை, கடினம் என்று பிரிப்பதே தப்பு. மென்றால் தூளாகுமா, பசையாகுமா, நாராகுமா என்றுதான் பிரிக்க வேண்டும்.

ஆறாவது வாரம் முதல் முறையாக உப்பு நீர் ஏற்றினார்கள், எல்லோரும் ஃபில் என்றுதான் சொல்கிறார்கள். படுக்க வைத்து, தலையையும் காலையும் கொஞ்சம் தூக்கச் சொல்லி, வயிற்றுத் தசை இறுகும்போது போர்ட்டைத் தடவிக் கண்டுபிடித்து, நேராகக் குத்தினார் நர்ஸ். இதற்குச் சாதாரண ஊசி ஆகாது, அது சிலிக்கோனில் துண்டு பெயர்த்து எடுத்துவிடும், அப்புறம் போர்ட் ஒழுகும். ஹூபர் ஊசி என்று, துளையிட்டாலும் துண்டு எடுக்காத ஒன்று வேண்டும். என் வளையத்தின் கொள்ளளவு 10 மில்லி, முதலில் 3 ஏற்றினார். எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார். ஒவ்வொரு ஃபில்லுக்குப் பிறகும் மறுபடி இரண்டு நாள் திரவம், இரண்டு நாள் கூழ். அடுத்த மாதம் ஒரு மில்லி, அதற்கடுத்து இன்னொரு மில்லி. 5 மில்லியில் ஒரு நாள் மதியம், ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, எனக்கு இன்னும் வேண்டும் என்று தோன்றாததைக் கவனித்தேன். அடக்கிக்கொள்ளவில்லை, தோன்றவே இல்லை. என் வயதுக்கு முதல் முறை.

இந்த வளையம் எப்படி வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததும் தப்பு. மேலே உள்ள சின்னப் பையில் சாப்பாடு நிரம்பி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், மெதுவாகச் சொட்டும் என்று எண்ணியிருந்தேன். அப்படி உட்கார்ந்திருந்தால்தான் பிரச்சினை. நன்றாக மென்ற ஒரு வாய் உணவை உணவுக்குழாய் பல தடவை பிழிந்து பிழிந்து வளையத்தைத் தாண்டித் தள்ளுகிறது, ஒரு வாய்க்கு ஒரு நிமிடம் வரை ஆகலாம். அந்த அழுத்தத்தை அங்குள்ள நரம்புகள் உணர்ந்துதான் மூளைக்குப் போதும் என்று சொல்கின்றன. அதனால்தான் சின்ன வாய், இருபது இருபத்தைந்து தடவை மெல்லுதல், ஸ்பூனைக் கீழே வைத்துக் காத்திருத்தல் எல்லாம். அக்கா என் எதிரில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணுவாள், பதினெட்டில் நான் விழுங்கினால் முறைப்பாள்.

எண்ணுவதற்கு அக்கா இல்லாத ஒரு நாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம், நானும் பேச்சு சுவாரசியத்தில் ஒரு கோழித் துண்டை நாலு தடவை மென்று விழுங்கிவிட்டேன். முதலில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு அழுத்தம், யாரோ முழங்கையை ஊன்றியது மாதிரி. அப்புறம் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது, ஊறியது, ஊறிக்கொண்டே இருந்தது, கெட்டியான நுரையாக. பேச முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, புன்னகைத்துக்கொண்டே எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன். இருபது நிமிடம் தொட்டியில் குனிந்து நுரையைத் துப்பிக்கொண்டிருந்த பிறகு கோழித் துண்டு உள்ளே போன கோலத்திலேயே வெளியே வந்தது. புளிப்பு இல்லை, கசப்பு இல்லை, அது இரைப்பையின் அமிலத்தையே பார்க்கவில்லை. இப்படி ஆகும்போது தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று மட்டும் முயற்சி செய்யாதீர்கள். அடைத்துக்கொண்ட சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்ட கதைதான். பொறுமையாக நிமிர்ந்து நடப்பது, துப்புவது, அன்று முழுக்கத் திரவத்தோடு நிறுத்திக்கொள்வது, வேறு வழியில்லை.

தண்ணீர் விதியும் இதோடு சேர்ந்ததுதான். சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் குடிக்கக் கூடாது, மற்ற நேரமெல்லாம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இதுதான் பழகவே இல்லை, 18 மாதம் ஆகியும் கை தானாக டம்ளரைத் தேடுகிறது.

அடுத்தது என் பேராசை. 5 மில்லியில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, வாரம் அரைக் கிலோ இறங்கிக்கொண்டிருந்தது, வளையத்துக்கு அதுதான் சரியான வேகம். எனக்குப் போதவில்லை. இறுக்கினால் இன்னும் குறையும் என்று கணக்குப் போட்டு, பசிக்கிறது என்று பொய் சொல்லி இன்னொரு மில்லி கேட்டேன். அன்று என் நர்ஸ் லீவு, இருந்தவர் கேட்டதை ஏற்றிவிட்டார். தண்ணீர் சோதனையில் தேறினேன். ஆனால் ஃபில்லுக்குப் பிறகு வீக்கம் வந்து ஓரிரு நாளில் இன்னும் இறுகும் என்பது ஞாபகம் இல்லை. மறுநாள் ராத்திரி தண்ணீர் இறங்கவில்லை. படுத்தால் இருமல், எச்சில் தலையணையில். அவசர எண் என்று கொடுத்திருந்ததை எடுக்க யாருமில்லை. உட்கார்ந்தபடியே விடியும்வரை டப்பாவில் துப்பிக்கொண்டிருந்தேன். அப்படிக் காத்திருந்தது முட்டாள்தனம், எச்சிலே இறங்கவில்லை என்றால் அது அவசர நிலை, அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். காலையில் 0.7 மில்லி எடுத்தார்கள். எடுத்த கணத்தில் தண்ணீர் கீழே இறங்கிய சுகத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தச் சேவைக்கு ஸ்டார் கிடையாது, போனை எடுக்காததற்கு. எந்த இடத்தில் போட்டுக்கொண்டாலும் ராத்திரியில் ஹூபர் ஊசியோடு யார் இருப்பார்கள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வளையம் அதிகமாக இறுகினால் எடை குறையாது, கூடும். ஏனென்றால் இறைச்சி, காய்கறி எதுவும் இறங்காதபோது மனிதன் இறங்குவதைத்தான் சாப்பிடுவான். ஐஸ்கிரீம் இறங்கும். சாக்லேட் உருகி வழுக்கிக்கொண்டு இறங்கும். சிப்ஸ் வாயிலேயே மாவாகி இறங்கும். ஒன்பதாவது மாதம் வேலை நெருக்கடியில் நான் அப்படித்தான் வாழ்ந்தேன், மூன்று கிலோ திரும்பி வந்தது. வளையம் கலோரியை எண்ணுவதில்லை, கெட்டியா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. அதை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம் என்பதற்காகத்தான் ஒரு ஸ்டாரைக் குறைத்தேன்.

சில்லறை விஷயங்கள். பெரிய மாத்திரைகள் சிக்கும், எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும், மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும். முழங்கால் வலிக்கு நான் போட்டுக்கொண்டிருந்த இபுபுரோஃபெனை நிறுத்திவிட்டார்கள், அது அந்தச் சின்னப் பையைப் புண்ணாக்கும். வைட்டமின் மென்று தின்னும் வகை. நாலாவது மாதம் தலைமுடி கொத்தாகக் கொட்டியது, வேகமாக இளைத்தால் அப்படித்தான், பத்தாவது மாதத்துக்குள் குட்டி முடிகள் முளைத்து நெற்றியில் குத்திட்டு நின்றன. காலையில் வளையம் இறுக்கமாகவே எழுந்திருக்கும், பத்து மணி வரை வெந்நீரோ சூடான ஏதோ ஒன்றோதான். சாப்பிடும்போது எனக்குப் போதும் என்பதற்கான அறிகுறி ஒரே ஒரு விக்கல், சிலருக்கு மூக்கு ஒழுகுமாம், சிலருக்குத் தும்மல். அந்த விக்கலுக்குப் பிறகு ஒரு வாய் சாப்பிட்டாலும் தண்டனை உறுதி.

போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றை மறைக்க விரும்பவில்லை, இது கொஞ்சம் பழைய சரக்கு. 1993-ல் பெல்ஜியத்தில் லேப்ராஸ்கோப்பி மூலம் முதலில் போட்டார்கள், 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2011-ல் அங்கு நடந்த எடைக்குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். 2019-ல் நூற்றில் ஒன்றுகூட இல்லை. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளையம் நழுவுவது, மெல்ல அரித்து இரைப்பைக்குள்ளேயே நுழைவது, மேலே உள்ள பையும் உணவுக்குழாயும் விரிந்துபோவது, குழாய் ஒழுகுவது, போர்ட் குப்புறக் கவிழ்வது என்று வருடங்கள் கழித்து வரும் தொல்லைகளால் கழற்றிக்கொண்டவர்கள் நிறைய. நெஞ்செரிச்சலோ ராத்திரி இருமலோ புதிதாக ஆரம்பித்தால் சும்மா இருக்காமல் ஓட வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றலாம் என்பதற்காக நான் இதை எடுத்தேன், கழற்ற வேண்டிய நிலை வரும் வாய்ப்பு இத்தனை என்று அப்போது யோசிக்கவில்லை.

112 கிலோவில் ஆரம்பித்தேன், இன்று 89. அதிகப்படியாக இருந்த எடையில் ஏறக்குறைய பாதி, வளையத்திடம் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான். ரத்த அழுத்த மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றானது. உள்ளே இப்போது 5.5 மில்லி. அடுத்த மாதம் செக்கப், என் நர்ஸ் லீவில் இல்லை என்று போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் தேதி வாங்கியிருக்கிறேன். பசிக்கிறதா என்று கேட்பார். இந்தத் தடவை உண்மையைச் சொல்வதாக இருக்கிறேன்.